கால்பந்து பார்ப்பதை விடாமல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்க முடியுமா?

மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற இலக்கோடு வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறீர்கள். சிறு வயது முதல் ஓர் அணியின் ரசிகர் என்பதால், வார இறுதி லீக் ஆட்டத்தையும், வாரத்தின் நடுவில் உங்கள் ஊர்க் கணக்கில் நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஐரோப்பிய கிளப் அணிகளின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தையும் விடாமல் பார்க்கிறீர்கள். சில வாரங்களாக டெம்போ ஓட்டத்தில், அதாவது தாங்கக்கூடிய எல்லையை ஒட்டிய வேகத்தில் நிலைத்து ஓடும் பயிற்சியில், வேகம் பிடிபடவில்லை. உடன் ஓடுபவர்கள் இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார்கள். எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே ஆட்டம் பார்த்தால் அது பயிற்சிக் கணக்கில் சேருமா என்ற கேள்வியையும் போகிற போக்கில் போட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், ஆட்டம் பார்ப்பது உங்கள் ஓட்டத்தைக் கெடுக்கிறதா, கெடுக்கிறதென்றால் எந்த வழியாகக் கெடுக்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அந்த வழியை அடைத்துவிட்டால், எதையும் விட வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.

நான் பல ஆண்டுகளாக நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்துத் தருபவன். வேலைக்கும் குடும்பத்துக்கும் அடுத்தபடியாக அவர்களுடைய திட்டங்களில் அதிகம் குறுக்கிட்டது கால்பந்துதான். எனக்கும் அந்தப் பித்து உண்டு என்பதால் ஆட்டம் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. நான் மருத்துவன் அல்லன். ஆகவே, ஆய்வுகளால் உறுதிப்பட்டது எது, பயிற்சிக் களத்தில் பழகிய கைக்கணக்கு எது என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மூன்றரை மணி நேர மாரத்தான் என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் 58 விநாடி. அதற்குத் தயாராகும் ஒருவர் வாரத்துக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் ஓடுவார். அதில் பெரும்பகுதி மெதுவான ஓட்டம் என்பதால் மொத்தம் ஆறு, ஆறரை மணி நேரம் பிடிக்கும். ஓர் ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், இரு பாதிகளின் முடிவிலும் சேர்க்கப்படும் இன்ஜுரி டைம் என எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் நான்கு மணி நேரம். 168 மணி நேரம் உள்ள ஒரு வாரத்தில் ஓட்டமும் ஆட்டமும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் பத்துப் பதினோரு மணி நேரம் பெரிய சுமை அன்று. உங்களிடம் பற்றாக்குறையாக இருப்பது நேரமாக இருக்க வாய்ப்பு குறைவு. தூக்கமும், ஆட்டம் முடிந்த பிறகு உடலும் மனமும் அடங்குவதற்கான அவகாசமும்தான் கேள்விக்குரியவை.

தூக்கத்தில் உறுதியாகத் தெரிந்தது இது: பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், கடினமான பயிற்சியில் இருப்பவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஒரே ஓர் இரவு தூக்கம் குறைந்தால் தசையின் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் அதே வேகத்தில் ஓடும்போது ஏற்படும் சிரம உணர்வு கூடிவிடுகிறது. நேற்று எளிதாக இருந்த வேகம் இன்று மூச்சைப் பிடிக்கிறது. மாரத்தான் பயிற்சியில், அதிலும் தாங்கக்கூடிய எல்லையின் ஓரத்தில் இருபது, முப்பது நிமிடம் நிலைத்து ஓட வேண்டிய டெம்போவில், இந்தச் சிரம உணர்வுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மெது ஓட்டமும் நீண்ட ஓட்டமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, டெம்போ மட்டும் சரிவதாக நீங்கள் எழுதியிருப்பது இதனோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போவதனாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஓட்டக்காரர்களிடையே அடிக்கடி சுற்றும் இரண்டு ஆய்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கியபோது அவர்களுடைய குறுந்தூர ஓட்ட வேகமும் பந்தைக் கூடையில் இடும் துல்லியமும் கூடியதாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் இளம் விளையாட்டு வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்பது 2014இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. அது பள்ளி மாணவர்களிடம் கேட்டறிந்த தகவல். முப்பது, நாற்பது வயதில் மாரத்தான் ஓடுபவருக்கு இதே எண்ணை அப்படியே ஒட்டவைப்பது சரியாகாது. திசை சரி, அளவு சந்தேகத்துக்குரியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பரவலான அச்சத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். நள்ளிரவுக்கு முன் தூங்காவிட்டால் ஆழ்துயிலும் அதனுடன் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் தொலைந்துபோகும், தசை பழுதுபார்க்கப்படாது என்று சொல்வார்கள். ஆழ்துயில் பெரும்பாலும் தூக்கத்தின் முதல் சில மணி நேரத்தில் வருவது உண்மை. ஆனால் அது கடிகாரத்தைவிட நீங்கள் கண் மூடும் நேரத்தையே அதிகம் பின்பற்றுகிறது. தாமதமாகப் படுத்தால் பெரும்பாலும் தள்ளித்தான் போகும். இரண்டரை மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்போது நீங்கள் இழப்பது இரவின் பிற்பகுதித் தூக்கத்தை. ஆகவே பிழை தாமதமாகப் படுத்ததைவிட, தாமதமாகப் படுத்த பிறகும் வழக்கமான நேரத்துக்கு அலாரம் வைத்ததில்தான் அதிகம் இருக்கிறது. காலை ஓட்டத்தை மாலைக்கு மாற்றுவது என்ற எளிய வேலையைச் செய்யாமல், உறுதி குலையக் கூடாது என்ற வைராக்கியத்தில் இருட்டோடு எழுந்து ஓடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இனி மனத்தின் பதற்றம். சோபாவில் உட்கார்ந்திருப்பதால் ஆட்டம் பார்ப்பது ஓய்வு என்று நினைக்கிறோம். உடல் அப்படி நினைப்பதில்லை. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் மியூனிக் வட்டாரத்தில் அவசர இதயப் பாதிப்புகள் வழக்கமான நாள்களைவிட 2.66 மடங்காக இருந்தன என்று பின்னர் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆரோக்கியமான ஓட்டக்காரர் இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை. 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்த்த ஸ்பெயின் ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலும், டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனும் சாதாரண நாளைவிட உயர்ந்திருந்தன. இந்த உயர்வு மறுநாள் ஓட்டத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இவற்றிலிருந்து விடை கிடைக்காது. ஆனால் 90ஆவது நிமிடத்தில் சமன் செய்யப்பட்ட ஆட்டத்தைப் பார்த்துவிட்டு உடனே கண் அயர முடியாததற்கு உங்கள் மன உறுதியின் குறைவு காரணம் அன்று என்பது மட்டும் விளங்கும்.

என் அனுபவத்தில், ஆட்டத்தைக் காட்டிலும் அதற்குப் பிந்தைய முக்கால் மணி நேரம்தான் தூக்கத்தை அதிகம் தின்கிறது. விளக்கை அணைத்தாயிற்று, போர்வைக்குள் போன் மட்டும் ஒளிர்கிறது. அந்த ஆஃப்சைடு கோட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறோம், நடுவரைத் திட்டும் பதிவுகளைப் படிக்கிறோம், நாமும் ஒன்று எழுதுகிறோம், அதற்குப் பதில் வருகிறதா என்று காத்திருக்கிறோம். விசில் ஊதியதும் திரையை அணைத்துவிட்டுப் போனை வேறு அறையில் வைப்பவர்கள் இந்த முக்கால் மணி நேரத்தை மீட்டுவிடுகிறார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நிபுணர்களின் அலசலும் இதே கணக்குத்தான். வாரத்துக்கு இரண்டு ஆட்டங்களில் இந்த முன்னும் பின்னும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அணிமீது உள்ள அன்பு எள்ளளவும் குறையாமல் விடக்கூடியது இதுதான்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் பயிற்சி அட்டவணையை முதலில் எழுதிவிட்டு, ஆட்டங்களை அதற்குள் எங்காவது நுழைக்கப் பார்க்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஆட்டத்தின் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. உங்கள் டெம்போ ஓட்டத்தின் நாளை மாற்ற முடியும். எனவே மாற்ற முடியாததை முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள். சாம்பியன்ஸ் லீகில் 2024-25 முதல் நடைமுறையில் இருக்கும் அமைப்பின்படி முதல் கட்டத்திலேயே எட்டு ஆட்டங்கள். தொலைக்காட்சிக்காக நாளும் நேரமும் மாறுவது உண்டு என்பதால் பருவம் முழுவதற்கும் சேர்த்துக் குறிப்பது வீண். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பென்சிலால் குறிப்பது போதும்.

குறித்த பிறகு அவற்றைத் தரம் பிரியுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். எல்லா ஆட்டமும் முக்கியம் என்பவருக்கு உதவ வழி இல்லை. பரம எதிரியுடனான ஆட்டம், நாக் அவுட் சுற்று, பட்டத்தையோ, கீழ்நிலை லீகுக்குத் தள்ளப்படும் தரமிறக்கத்தையோ தீர்மானிக்கும் ஆட்டம் ஆகியவற்றை நேரலையில்தான் பார்க்க வேண்டும். முடிவு தெரியாத பல்லாயிரம் பேரோடு அதே நொடியில் பதறுவதற்கு மாற்று எதுவும் கிடையாது. புள்ளிப் பட்டியலின் நடுவில் கிடக்கும் அணியுடன் நவம்பர் மாதத்தில் ஆடும் ஆட்டத்தை மறுநாள் பதிவாகப் பார்த்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அதற்கு அறிவிப்புகளை அணைத்து வைக்கும் கட்டுப்பாடும், முடிவைச் சொல்லிவிடத் துடிக்கும் நண்பர்களின் குழுவை அதுவரை திறக்காத கட்டுப்பாடும் வேண்டும். மூன்றாவதாக, கோல்களின் தொகுப்பு மட்டும் போதும் என்ற வகை. பிற அணிகளின் ஆட்டங்கள் எல்லாம் இதில் போகட்டும். எனக்குத் தெரிந்த ஓட்டக்காரர்களில் நேர்மையாகப் பிரித்தவர்களுக்கு, நள்ளிரவில் விழித்தே ஆக வேண்டிய ஆட்டம் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் தேறியதில்லை.

அதன் பிறகு பயிற்சி. வாரத்தில் ஐந்து ஓட்டங்கள் என்றால் அவற்றில் உண்மையிலேயே முக்கியமானவை இரண்டுதான்: டெம்போ அல்லது இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) ஒன்று, நீண்ட ஓட்டம் ஒன்று. மற்ற மூன்றும் மெது ஓட்டங்கள். அவற்றை நாள் மாற்றலாம், நேரம் மாற்றலாம், பத்து நிமிடம் குறைக்கலாம், பெரிய இழப்பில்லை. ஆகவே காப்பாற்ற வேண்டியது இரண்டே இரண்டு பயிற்சிகளை. செவ்வாய் இரவு தாண்டி ஆட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெம்போவைச் செவ்வாய்க் காலையிலேயே முடித்துவிடுங்கள். புதன்கிழமை ஓய்வு, அல்லது மாலையில் நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம். வியாழக்கிழமை வழக்கமான மெது ஓட்டம். அதற்குள் ஒரு முழு இரவுத் தூக்கம் கிடைத்துவிடும். கடினமான பயிற்சிக்குப் பிந்தைய இரவில் தூக்கம் குறைவதும் நல்லதன்று என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், தூங்காத உடலோடு டெம்போ ஓடுவதைவிட, டெம்போ ஓடிய உடலோடு ஓரிரவு குறைவாகத் தூங்குவதே மேல் என்பது என் கணிப்பு. இது ஆய்வு முடிவன்று, பயிற்றுநர்களின் வழக்கம்.

வார இறுதியைச் சமாளிப்பது எளிது. ஞாயிறு மாலை ஆட்டம் இருந்தால் அதைவிட வசதி இல்லை; காலையில் நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டுக் கவலையின்றி உட்காரலாம். சனி இரவு நேரம் கடந்து ஆட்டம் இருந்தால் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 30 கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எழும்போது கால்கள் மரம்போல் விறைத்திருக்கும். அதனால் நிரந்தரக் கேடு ஒன்றும் இல்லை. இடைவேளையின் 15 நிமிடத்தில் எழுந்து நடந்தால் போதும். ஓட்டம் முடிந்தவுடன் மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவைச் சாப்பிட்டுவிட்டுத் திரையின் முன் அமருங்கள். ஆட்டம் பார்க்கும்போது கை போகும் பொரித்த தின்பண்டங்கள் அந்த உணவுக்கு ஈடாகா. மது அருந்தும் பழக்கம் இருந்தால், நீண்ட ஓட்டம் முடிந்த நாளிலும், மறுநாள் கடினப் பயிற்சி இருக்கும் இரவிலும் தவிர்ப்பது நல்லது. அது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டாக்கும்.

திட்டம் போட்டும் பிசகிவிடும் நாள்கள் வரும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும், அதன் பிறகு பெனால்டி. ஒரு மணி நேரம் எங்கே போனதென்று தெரியாது. அப்படிப்பட்ட மறுநாளுக்கு நான் தரும் கைக்கணக்கு: ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்று கடினப் பயிற்சி வேண்டாம், ஒரு நாள் தள்ளிவையுங்கள். தொடர்ந்து இரண்டு இரவுகள் அப்படியானால் அன்று ஓடவே வேண்டாம். தள்ளிவைத்த பயிற்சிக்கு அந்த வாரத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் அதை மறந்துவிடுங்கள். அடுத்த வாரத்தின் டெம்போவோடு சேர்த்து இரட்டையாக ஓடிக் கடனை அடைக்கப் பார்ப்பவர்கள்தான் கெண்டைக்கால் வலியோடு என்னிடம் வருகிறார்கள். காலையில் எழுந்தவுடன் இதயத் துடிப்பு வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து வரை கூடியிருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். கைக்கடிகாரம் தரும் ‘மீட்சி மதிப்பெண்’ உங்கள் கால்களைவிட அறிவாளி என்று நம்ப வேண்டாம். பல வாரங்களின் போக்கைப் பார்க்க அது உதவும், ஒரு காலையின் தீர்ப்பைச் சொல்ல உதவாது.

விழித்தே ஆக வேண்டிய இரவுக்கு முன்னேற்பாடு செய்யலாம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பது பலன் தரும். ஆட்டத்துக்கு முன் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுவது சிலருக்கு ஒத்துவருகிறது; சிலர் எழும்போது தலை கனத்து, முதல் பாதி முழுக்க மந்தமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். மறுநாள் பிற்பகலில் இருபது முதல் முப்பது நிமிடக் குட்டித் தூக்கம் போடுவது மாலை ஓட்டத்துக்கு உதவும் என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் உண்டு. காஃபினை மட்டும் தவிருங்கள். அதன் பாதி உடலிலிருந்து நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை ஓர் ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. இடைவேளையில் காபி குடித்துவிட்டு மூன்று மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை.

அடுத்து, எந்த மாரத்தான் என்ற கேள்வி. இதை யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு வியப்பு. மாரத்தான் பயிற்சி 16 முதல் 20 வாரம் நீளும். அதில் மிகக் கடினமானது, பந்தயத்துக்கு எட்டு வாரம் முன்பிருந்து மூன்று வாரம் முன்பு வரையிலான காலம். பாஸ்டன், லண்டன் போன்ற வசந்த கால மாரத்தான்கள் ஏப்ரலில் வருகின்றன. அவற்றின் உச்சப் பயிற்சி பிப்ரவரி, மார்ச்சில் விழும். சாம்பியன்ஸ் லீகின் நாக் அவுட் ஆட்டங்களும் அப்போதுதான், காலிறுதியோ ஏப்ரலில். பெர்லின் செப்டம்பர் இறுதியிலும், சிகாகோ அக்டோபரிலும் வரும். அவற்றின் பயிற்சியில் கணிசமான பகுதி ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அமைகிறது, ஐரோப்பிய லீகுகள் அப்போது பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். ஒரு கிளப் அணியின் ரசிகருக்கு இலையுதிர்கால மாரத்தான்தான் பொருத்தம். பெரிய கோப்பைகள் நடக்கும் ஆண்டு மட்டும் விலக்கு: 2026 உலகக் கோப்பையின் அட்டவணை 48 அணிகள், 104 ஆட்டங்கள், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. அப்படிப்பட்ட ஐந்தரை வாரத்தை உச்சப் பயிற்சிக்கு வைக்காமல், அடித்தளம் போடும் மெது ஓட்டங்களுக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். உங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் பந்தயங்களுக்கும் இதே முறையில் பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம்.

பந்தய வாரத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். மாரத்தானுக்கு முந்தைய இரவு பெரும்பாலானவர்களுக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அந்த ஓர் இரவால் பந்தயம் கெட்டுப்போவதும் இல்லை. அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகளின் தூக்கமே கைகொடுக்கும். அந்த இரவுகளில் நள்ளிரவு ஆட்டம் எதுவானாலும், அரையிறுதியே ஆனாலும், பதிவில்தான் பார்க்க வேண்டும். நான் விட்டுக்கொடுக்கச் சொல்வது இந்த ஒன்றை மட்டும்தான்.

தோற்ற மறுநாளைப் பற்றி ஒரு சொல். 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களில் வென்ற அணியினருக்கு டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்ததாகவும், தோற்ற அணியினருக்குக் குறைந்ததாகவும் ஒரு சிறிய ஆய்வு உண்டு. அதை வைத்துக்கொண்டு, அணி தோற்றதால் என் இன்டர்வல் சரியில்லை என்று சொல்வது மிகை. ஆனால் கசப்போடு ஓடுபவர்கள் மெது ஓட்டத்தை வேகமாக ஓடிவிடுகிறார்கள் என்பதை அவர்களுடைய பதிவுகளிலேயே காணலாம்: 5 நிமிடம் 50 விநாடியில் போக வேண்டிய கிலோமீட்டர்கள் 5 நிமிடம் 10 விநாடியில் போயிருக்கும். வென்ற மறுநாளும் இதே கதைதான். இரண்டு நாள் கழித்து வரும் டெம்போவில் அந்தக் கணக்கு நேர் செய்யப்படும்.

உங்கள் டெம்போ சரிவுக்கு வருகிறேன். தூக்கம்தான் காரணமா என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். மூன்று வாரங்களுக்கு, டெம்போவுக்கு முந்தைய இரண்டு இரவுகளிலும் ஏழரை மணி நேரம் தூங்குங்கள். பயிற்சியின் மற்ற எதையும் மாற்றாதீர்கள். உங்கள் இலக்குக்கு டெம்போ வேகம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் 40 முதல் 45 விநாடி வரை இருக்கும். அது திரும்ப வந்துவிட்டால் கேள்வி முடிந்தது. வராவிட்டால் கால்பந்தின்மீது பழி போடாமல் வேறு இடங்களில் தேடுங்கள்: மெது ஓட்டங்களை வேகமாக ஓடுவது, ஓடும் அளவுக்குச் சாப்பிடாதது, வெயில் கூடியது, வேலை நெருக்கடி. நன்றாகத் தூங்கியும் சோர்வு நீங்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இரும்புச்சத்தையும், உடலில் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினையும் பார்க்க இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் செல்லுங்கள். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள்.

ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே ஆட்டம் பார்ப்பது பயிற்சிக் கணக்கில் சேருமா என்றால், சேரும், தாராளமாகச் சேரும். 45 நிமிடப் பாதி ஒரு மெது ஓட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. வெளியில் எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடும் உழைப்பை ஈடுகட்ட ஒரு விழுக்காடு ஏற்றம் வைப்பது வழக்கம். 1996ஆம் ஆண்டின் ஆய்வொன்றிலிருந்து வந்த வழக்கம் இது, ஓரளவு வேகமாக ஓடும்போதுதான் இதற்குப் பொருள் உண்டு, மெது ஓட்டத்தில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. வேகத்தை முன்பே அமைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். உங்கள் அணி எதிர்த்தாக்குதலில் பாயும்போது விரல் தானாகவே வேகப் பொத்தானுக்குப் போகும். அன்றைய இதயத் துடிப்பு எண்களை நம்பாதீர்கள், ஏனெனில் உங்கள் கால்கள் மெதுவாக இருக்கும்போதே கார்னர் கிக் ஒன்று துடிப்பை ஏற்றிவிடும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவுகோலாக இருக்கட்டும். டெம்போவையும் இன்டர்வலையும் ஆட்டத்தோடு சேர்க்க வேண்டாம், இரண்டில் எதிலும் மனம் நிற்காது. பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஒருபோதும் ஓடாதீர்கள். கோல் விழுந்ததும் இரு கைகளையும் உயர்த்தித் துள்ளுவது ரசிகரின் இயல்பு, ஓடும் பட்டைக்கு அது தெரியாது. ஆட்டம் பெனால்டிக்குப் போய்விட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி நின்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை.